வாஷிங்டன் பல்கலைக்கழகக் கோளரங்கின் இலவச மாலை: குடும்பத்தோடு செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வானியல் துறை, கல்வியாண்டு நடக்கும் மாதங்களில், முதல் வெள்ளிக்கிழமை மாலையன்று தன் கோளரங்கத்தைப் பொதுமக்களுக்குக் கட்டணமின்றித் திறந்துவைக்கிறது. அதே வளாகத்தின் வடபுறத்தில், 1895-இல் கட்டப்பட்ட ஜேக்கப்சன் வானாய்வகத்தில், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதத்தின் முதல் புதன்கிழமையும் மூன்றாம் புதன்கிழமையும் தொலைநோக்கி வழியே வானத்தைக் காட்டுவது பல ஆண்டு வழக்கம். நாளும் கட்டடமும் வேறாக இருப்பதால், பெரும்பாலானோர் இவற்றுள் ஒன்றுக்கு மட்டும் போய்விட்டு அத்துடன் நிறுத்திக்கொள்கிறார்கள். என் கருத்தில் இவை ஒரே பாடத்தின் இரு பகுதிகள். எங்கே பார்க்க வேண்டும் என்பதைக் கோளரங்கம் கற்றுத்தருகிறது. அங்கே இருப்பது என்ன என்பதைத் தொலைநோக்கி காட்டுகிறது. இரண்டுக்கும் நடுவே, வெளியே வந்து வெறுங்கண்ணால் வானத்தை நிமிர்ந்து பார்க்கும் வேலை நம்முடையது. அந்த நடுப்பகுதியை விட்டுவிட்டால் மற்ற இரண்டும் சில நாட்களில் மறந்துபோகும்.

ரெட்மண்ட், பெல்வியூ, பாத்தல் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களை, அதிலும் ஊரிலிருந்து சில மாதங்கள் தங்கிப் போக வந்திருக்கும் பெற்றோரை அழைத்துச் செல்ல விரும்புவோரை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன்.

நாளைத் தேர்வு செய்தலும் பதிவும்

கோளரங்கக் குவிமாடத்தின் விட்டம் 30 அடி, அதாவது ஏறத்தாழ 9 மீட்டர். பெரிய அருங்காட்சியகங்களின் அரங்குகளோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. ஒரு காட்சிக்குச் சில பத்துப் பேரே அமர முடியும். ஆகையால் முன்பதிவு இன்றியமையாதது. அந்த மாதத்து நாளும் நேரமும் பதிவு தொடங்கும் பொழுதும் வானியல் துறையின் இணையதளத்தில் வெளியாகும். இடங்கள் விரைவில் நிரம்பிவிடுவதால், பதிவு திறந்தவுடன் செய்துவிடுவது நல்லது. குடும்பத்தில் எத்தனை பேர் உறுதியாக வருவார்கள் என்பதை முதலில் கேட்டறிந்து, அத்தனை இடங்களை மட்டும் பதிவு செய்யுங்கள். வர முடியாமற்போனால் உடனே நீக்கிவிடுங்கள். கட்டணம் இல்லை என்பதற்காக இடத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு போகாமல் இருப்பது, வாசலில் நிற்கும் ஒரு குழந்தையின் இருக்கையைப் பறிப்பதாகும். இதை நான் சிறு குற்றமாகக் கருதவில்லை.

எந்த மாதம் செல்வது என்பதில் சற்று யோசனை தேவை. சியாட்டில் 47.6 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஜூன் மாதத்தில் சூரியன் இரவு 9 மணிக்குப் பிறகே மறைகிறது. முழு இருள் வருவதற்குள் நள்ளிரவு ஆகிவிடும். டிசம்பரிலோ மாலை நாலேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். கோளரங்கத்துக்குள் எப்போதும் இருட்டுதான் என்பதால் இது காட்சியைப் பாதிக்காது. ஆனால் காட்சி முடிந்து வெளியே வந்தவுடன், கற்றதை உண்மையான வானத்தில் தேடிப் பார்க்க வேண்டுமானால் நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களே ஏற்றவை. தொலைநோக்கி மாலைகளுக்கு ஏப்ரலும் செப்டம்பரும் நல்லவை. ஜூன், ஜூலையில் சென்றால் நிலவு, வெள்ளி, சுவாதி போன்ற ஒளிமிக்கவற்றோடு மனநிறைவு கொள்ள வேண்டியிருக்கும்.

தொலைநோக்கிக்குச் செல்லும் நாளில் நிலவின் நிலையையும் பாருங்கள். முழுநிலவு நாள்தான் சிறந்தது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. பௌர்ணமியன்று சூரிய ஒளி நிலவின் முகத்தில் நேராக விழுவதால் நிழலே இருக்காது, பள்ளமும் மேடும் தட்டையாகத் தெரியும். அதன் வெளிச்சம் மற்ற மங்கலான பொருள்களையும் மறைத்துவிடும். வளர்பிறை ஏழாம் எட்டாம் நாளில், ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டின் ஓரத்தில், கிண்ணக்குழிகளின் விளிம்புகள் நீண்ட நிழல்களுடன் எழுந்து நிற்கும். வீட்டு நாட்காட்டியில் சப்தமி, அஷ்டமி எங்கே விழுகிறது என்று பார்த்து, அதற்கு அருகில் வரும் புதன்கிழமையைத் தேர்ந்துகொள்ளலாம்.

முன்னதாகச் சென்றால் கிடைப்பவை

கோளரங்கம் வளாகத்தின் தென்மேற்குப் பகுதியில், இயற்பியல்–வானியல் கட்டடத்தில் இருக்கிறது. தொடர்வண்டியில் வருவோர், 2021 அக்டோபரில் திறக்கப்பட்ட யூ டிஸ்ட்ரிக்ட் நிலையத்தில் இறங்கித் தெற்கு நோக்கி நடந்து வரலாம். காரில் வருவோர், நிகழ்ச்சி இலவசம் என்றாலும் வளாகத்தில் வண்டி நிறுத்தக் கட்டணம் உண்டு என்பதை நினைவில் கொள்ளவும். காட்சி தொடங்கிய பிறகு கதவைத் திறந்தால் வெளிச்சம் உள்ளே புகுந்து, இருட்டுக்குப் பழகிய அனைவரின் கண்களையும் கெடுத்துவிடும் என்பதால், தாமதமாக வருவோரைக் கோளரங்கங்கள் உள்ளே விடுவதில்லை. எனவே அரை மணி நேரமாவது முன்னதாகச் சென்றுவிடுங்கள். அந்த அரை மணி நேரம் வீணாகாது. ஏனெனில் இந்தக் கட்டடமே பார்க்கத் தக்கது.

கட்டடத்தின் தென்மேற்குச் சுவரில் பெரிய சூரிய கடிகாரம் ஒன்று உள்ளது. இதை வடிவமைத்தவர் இங்கே பேராசிரியராக இருந்த வுடி சல்லிவன். 2004-இல் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஊர்திகளில் சிறு சூரிய கடிகாரங்களைப் பொருத்திய குழுவிலும் அவர் இருந்தார். சுவர் தென்மேற்கு நோக்கியிருப்பதால் வெயில் பிற்பகலில்தான் நன்றாக விழும். இளவேனில் மாதங்களில் மாலைக் காட்சிக்கு முன்னதாக வருவோருக்கு அதுவே சரியான பொழுது. நிழல் காட்டும் நேரம் உங்கள் கைக்கடிகாரத்தோடு ஏன் ஒத்துப்போகவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். விடையைத் தயாராக வைத்திருங்கள். கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கிறோம் என்பது முதல் காரணம். பசிபிக் நேரம் 120 பாகை மேற்குத் தீர்க்கரேகைக்கு உரியது, சியாட்டிலோ அதற்கும் மேற்கே 122.3 பாகையில் இருக்கிறது என்பதால் இங்கே சூரியன் ஏறத்தாழ 9 நிமிடம் தாமதமாகவே உச்சிக்கு வருகிறது என்பது இரண்டாவது. பூமியின் சுற்றுப்பாதை நீள்வட்டமாகவும் அதன் அச்சு சாய்ந்தும் இருப்பதால் சூரிய நேரம் ஆண்டு முழுவதும் சற்று முந்தியும் பிந்தியும் செல்கிறது என்பது மூன்றாவது. நவம்பர் தொடக்கத்தில் இந்த வேறுபாடு 16 நிமிடத்தைத் தொடும்.

கட்டடத்தின் உள்ளே ஃபூக்கோ ஊசல் ஒன்று தொங்குகிறது. 1851-இல் பாரிஸில் லியோன் ஃபூக்கோ செய்துகாட்டிய சோதனையின் வடிவம் இது. ஊசல் ஆடும் தளம் மெல்லத் திரும்புவதுபோல் தோன்றும். உண்மையில் திரும்புவது அதன் கீழே இருக்கும் தரை, அதாவது பூமி. வந்தவுடன் ஊசல் எந்தத் திசையில் ஆடுகிறது என்று குறித்துக்கொண்டு, காட்சி முடிந்து திரும்பும்போது மீண்டும் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் அது ஏறத்தாழ 11 பாகை திரும்பியிருக்கும். சியாட்டிலில் ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் முப்பத்திரண்டரை மணி நேரம் ஆகும். இதே ஊசல் சென்னையில் இருந்தால் ஒரு சுற்றுக்கு நாலரை நாளுக்கு அருகில் ஆகும். நிலநடுக்கோட்டில் திரும்பவே செய்யாது. வாழும் இடத்தின் அட்சத்தை, வானத்தைப் பார்க்காமலே, ஓர் அறைக்குள் இருந்தபடி அளந்துவிடலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கருவியை நான் அறியேன்.

பெற்றோரை ஆயத்தப்படுத்துதல்

இந்தக் காட்சிகளைப் பெரும்பாலும் வானியல் துறையின் மாணவர்களே நடத்துகிறார்கள். பதிவுசெய்யப்பட்ட குரலுக்குப் பதிலாக ஒருவர் நேரில் பேசுகிறார். இது பெரும் நன்மை, ஏனெனில் கேள்வி கேட்கலாம். ஆனால் அவர்கள் பேசுவது ஆங்கிலம், அதுவும் விரைவான ஆங்கிலம். ஆங்கிலம் பழகாத அம்மாவுக்கோ மாமனாருக்கோ பக்கத்தில் இருந்து காதோடு காதாக மொழிபெயர்த்துச் சொல்வது இருட்டில் மற்றவர்களுக்கு இடையூறாகும். சொல்பவரும் காட்சியை இழந்துவிடுவார். முந்தின நாளே வீட்டில் உட்கார்ந்து, அந்த மாதத்து வானில் தெரியும் ஐந்தாறு பொருள்களை அவர்களுக்குச் சொல்லிவைப்பதே சிறந்த வழி.

இங்கே நம் பெரியோருக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் சொல்லப்படும் பல விண்மீன்கள் அவர்களுக்கு வேறு பெயரில் பிறந்த நாளிலிருந்தே அறிமுகமானவை. பிளையடீஸ் என்பது கார்த்திகை, அல்டெபரான் என்பது ரோகிணி, பீட்டல்ஜூஸ் என்பது திருவாதிரை, ஸ்பைகா என்பது சித்திரை, ஆர்க்ட்யூரஸ் என்பது சுவாதி, அன்டாரெஸ் என்பது கேட்டை, ஆல்டேர் என்பது திருவோணம். இவற்றை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டால், உள்ளே ஆங்கிலப் பெயர் காதில் விழும்போது அவர்களே இனங்கண்டுகொள்வார்கள். தம் நட்சத்திரம் வானில் எங்கே இருக்கிறது என்று எழுபது வயதுவரை பார்த்திராத ஒருவருக்கு அதைக் காட்டுவது, இந்த மாலையில் நீங்கள் செய்யக்கூடிய மிகச் சிறந்த காரியம் என்பேன்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, முழு இருட்டைக் கண்டு அஞ்சும் சிறு குழந்தையை அழைத்துச் செல்வதற்கு முன், வீட்டில் விளக்கணைத்துச் சில நிமிடம் பழக்கிப் பாருங்கள். வெளிச்சம் மின்னும் காலணிகளை அன்று அணிவிக்க வேண்டாம். கைபேசியை மௌனத்தில் வைத்தால் போதாது. அணைத்துவிட வேண்டும், ஒளிரும் கைக்கடிகாரத்தையும் சேர்த்து.

குவிமாடத்தின் கீழே

பழைய கோளரங்குகளில் அரங்கின் நடுவே நிற்கும் ஒரு பெரிய கருவி, நுண்துளைகளின் வழியே ஒளிப்புள்ளிகளை வீசி விண்மீன்களை உருவாக்கும். ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் வால்டர் பாவர்ஸ்ஃபெல்ட் வடிவமைத்து 1923-இல் முதன்முதலில் இயக்கிக் காட்டிய முறை அது. வாஷிங்டன் பல்கலைக்கழகக் கோளரங்கம் பிற்பாடு கணினி முறைக்கு மாறியது. பல ஒளிவீழ்த்திகள் குவிமாடத்தின் ஒவ்வொரு பகுதியையும் நிரப்ப, அவற்றின் விளிம்புகளைக் கணினி ஒன்றோடொன்று கலந்து ஒரே வானமாக்குகிறது. மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து குறைந்த செலவில் இந்த மாற்றத்தைச் செய்தார்கள். மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவு 2008-இல் வெளியிட்ட வேர்ல்ட்வைட் டெலஸ்கோப் என்னும் மென்பொருளே அதற்கு அடிப்படை. மைக்ரோசாஃப்டின் தலைமையகம் உள்ள ரெட்மண்டில் வேலை பார்க்கும் நம்மவர் பலருக்கும் இது தெரிவதில்லை.

கணினி முறையின் நன்மை, நிகழ்த்துபவர் நம்மைப் பூமியிலிருந்து கிளப்பிச் சனியின் வளையத்தருகேயும் பால்வீதிக்கு வெளியேயும் கொண்டு போக முடிவதுதான். பார்வையாளர் பெரிதும் மகிழ்வதும் அந்தப் பயணத்தில்தான். எனினும் நான் அதைவிட முதல் பத்து நிமிடத்தையே மதிக்கிறேன். அப்போது நிகழ்த்துபவர் அன்றிரவு சியாட்டிலில் தெரியும் வானத்தை அப்படியே காட்டி, திசைகளைச் சொல்லி, வழிகாட்டும் விண்மீன்களைச் சுட்டுவார். வெளியே எடுத்துச் செல்லக்கூடிய பகுதி அதுதான். ஆகவே அமர்ந்தவுடன் முதல் வேலையாக வடக்கு எது, தெற்கு எது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். சப்தரிஷி மண்டலத்தின் கிண்ணப் பகுதியில் கைப்பிடிக்கு எதிர்ப்புறம் உள்ள இரண்டு விண்மீன்களை இணைத்து, அந்தக் கோட்டை அவற்றின் இடைவெளியைப் போல் ஐந்து மடங்கு நீட்டினால் துருவ நட்சத்திரம் வரும். கைப்பிடியின் வளைவைத் தொடர்ந்தால் சுவாதியும், அதே வளைவில் மேலும் சென்றால் சித்திரையும் வரும். இந்த இரண்டு வழிகளை மட்டும் நினைவில் இருத்திக்கொண்டு வெளியே வந்தால், இளவேனில் வானத்தில் பாதி உங்கள் வசமாகிவிடும்.

வானம் விரைந்து சுழலும்போது சிலருக்குத் தலைசுற்றும். உடல் அசையாமல் இருக்க, கண் மட்டும் அசைவைக் காண்பதால் நேர்வது இது, அச்சப்பட ஒன்றுமில்லை. சில நொடிகள் கண்ணை மூடிக்கொண்டால் சரியாகிவிடும். இதைப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அவர்கள் பதற்றமடையமாட்டார்கள்.

ஊரின் வானத்தைக் கேளுங்கள்

காட்சி தொடங்கும் முன்போ, இறுதியில் கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கும்போதோ, நிகழ்த்துபவரிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள்: இதே நாள் இரவு 9 மணிக்கு மதுரையில் அல்லது யாழ்ப்பாணத்தில் தெரியும் வானத்தைக் காட்ட முடியுமா என்று. மென்பொருளுக்கு இடத்தை மாற்றுவது பெரிய வேலையில்லை. நிகழ்த்தும் மாணவர்களுக்கும் இத்தகைய கேள்விகள் பிடிக்கும். நேரமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

அவர் ஒப்புக்கொண்டால், குவிமாடத்தில் நடப்பதைக் கூர்ந்து கவனியுங்கள். அந்தந்த ஊரின் கடிகாரப்படி ஒரே மணி என்பதால் விண்மீன்கள் பெரும்பாலும் அவையேதான். ஆனால் முழு வானமும் ஏறத்தாழ 38 பாகை சாய்ந்துவிடும். சியாட்டிலில் பாதி வானத்துக்கு மேல், 47.6 பாகை உயரத்தில் நிற்கும் துருவ நட்சத்திரம், மதுரையில் அடிவானத்திலிருந்து 10 பாகை உயரத்துக்குத் தாழ்ந்துவிடும். மரமோ மாடிவீடோ அதை மறைத்துவிடும். ஊரில் வாழ்ந்த காலத்தில் அதை ஒரு முறையும் பார்த்ததில்லையே என்று வியப்போருக்கு விடை இதில் இருக்கிறது. சியாட்டிலில் சப்தரிஷி மண்டலத்தின் ஏழு விண்மீன்களும் ஒருபோதும் மறைவதில்லை, ஆண்டு முழுவதும் துருவத்தைச் சுற்றியபடியே இருக்கும். மதுரையில் அவை உதித்து மறையும்.

தெற்கே நிலைமை தலைகீழ். சிரியஸ் என்னும் மிகப் பிரகாசமான விண்மீன் சியாட்டிலில் 26 பாகை உயரத்தைத் தாண்டாது. மதுரையில் 63 பாகைக்கு ஏறும். வானத்தின் இரண்டாவது பிரகாசமான விண்மீனான அகத்தியர், அதாவது கனோபஸ், சியாட்டிலில் உதிப்பதே இல்லை. வடக்கே ஏறத்தாழ 37 பாகை அட்சத்தைத் தாண்டியவர் எவருக்கும் அது தெரியாது. மதுரையிலோ பிப்ரவரி இரவில் தென்திசையில் 27 பாகை உயரத்தில் நிற்கும். விருச்சிகத்தின் கேட்டை இங்கே 16 பாகை உயரத்தில் தட்டுத்தடுமாற, அதன் கொடுக்கு அடிவானத்து மூட்டத்தில் மறைந்துபோகும். ஊரில் அந்தத் தேள் முழு உருவத்துடன் வானில் படுத்திருக்கும். பல ஆண்டுகளாக இங்கே வாழும் நாம் எந்த விண்மீன்களை இழந்திருக்கிறோம், எவற்றைப் பெற்றிருக்கிறோம் என்பதைக் குவிமாடம் ஒரு நிமிடத்தில் காட்டிவிடுகிறது. பூமி உருண்டை என்பதைப் பிள்ளைகளுக்கு நிறுவுவதற்கும் இதைவிட நேரான சான்று தேவையில்லை.

இன்னொரு கேள்வியும் கேட்கத்தக்கது. பூமியின் அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒரு முறை பம்பரத்தைப் போல் தலைசுற்றி வருவதால், துருவ நட்சத்திரமே காலப்போக்கில் மாறுகிறது. சுமார் 12,000 ஆண்டுகளுக்குப் பிறகு வேகா என்னும் அபிஜித் வடதுருவத்துக்கு அருகில் வரும். காலத்தை முன்னோட்டி இதைக் காட்டுமாறு கேட்டால், எந்தப் புத்தகப் படமும் விளக்காததைக் கண்ணால் காணலாம்.

வெளியே வந்ததும்

காட்சி முடிந்தவுடன் காரை நோக்கி விரைய வேண்டாம். குளிர்காலமானால் தடித்த மேலாடையும் காதை மூடும் தொப்பியும் எடுத்துச் சென்றிருங்கள். அசையாமல் நின்று வானம் பார்ப்போருக்கு நடப்போரைவிடக் குளிர் அதிகம் தாக்கும். சிறிது தொலைவு நடந்தால் டிரம்ஹெல்லர் நீரூற்றை அடையலாம். அங்கிருந்து ரெய்னியர் மலையை நோக்கித் தென்கிழக்கே திறந்திருக்கும் புல்வெளிப் பாதையில் கட்டட மறைப்பு குறைவு. நகர வெளிச்சத்தில் விண்மீன்கள் சொற்பமாகவே தெரியும் என்றாலும், தொடக்கநிலையில் இருப்போருக்கு அது ஒரு வகையில் நன்மையே. கிராமத்து வானத்தின் ஆயிரக்கணக்கான புள்ளிகளிடையே வடிவங்களைப் பிரித்தறிவது கடினம், நகரத்திலோ முதன்மையான விண்மீன்கள் மட்டும் தனித்து நிற்கும். ஜனவரி, பிப்ரவரி மாலைகளில் தென்கிழக்கிலிருந்து தெற்குவரை ஒரியன் என்னும் வேட்டைக்காரன் விண்மீன் கூட்டம் நிற்கும். அதன் இடைக்கச்சையாக வரிசையில் அமைந்த மூன்று விண்மீன்களைக் கண்டவுடன், மேலே சிவந்த திருவாதிரையும், கச்சையின் கோட்டை வலப்புறம் மேல்நோக்கி நீட்டினால் ரோகிணியும், அதற்கும் அப்பால் கார்த்திகைக் கூட்டமும் கிடைக்கும். கோட்டை இடப்புறம் கீழே நீட்டினால் சிரியஸ். பெரியவர்களையே கைநீட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

தொலைநோக்கியின் முன்னே

ஜேக்கப்சன் வானாய்வகம், பல்கலைக்கழகம் இந்த வளாகத்துக்கு இடம்பெயர்ந்த 1895-இல், டென்னி மண்டபம் கட்டி எஞ்சிய மணற்கல்லால் எழுப்பப்பட்டது. வளாகத்தின் இரண்டாவது பழமையான கட்டடம் அது. உள்ளே இருப்பது 6 அங்குல விட்டமுள்ள லென்ஸ் கொண்ட தொலைநோக்கி. லென்ஸைச் செய்தவர் பிட்ஸ்பர்க் நகரின் ஜான் பிரஷியர். தாங்கியைச் செய்தது கிளீவ்லாந்தின் வார்னர் அண்ட் ஸ்வேஸி. 1928 முதல் பல பத்தாண்டுகள் இங்கே வானியல் கற்பித்த தியோடர் ஜேக்கப்சனின் பெயரை ஆய்வகம் பின்னர் ஏற்றது. இளநிலை மாணவர் ஒருவர் உரை நிகழ்த்த, சியாட்டில் வானியல் சங்கத்தின் தன்னார்வலர்கள் தொலைநோக்கியை இயக்கிக் காட்டுவது வழக்கம்.

6 அங்குலம் என்பது இக்காலத்தில் சிறியதுதான். ஆயினும் இருட்டில் 7 மில்லிமீட்டர் அளவுக்கு விரியும் கண்பாவையைவிட நானூறு மடங்குக்கும் மேல் ஒளியை அது திரட்டுகிறது. அந்த ஒளியை ஏற்கும் கண் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். விழித்திரையின் குச்சி செல்கள் இருட்டில் முழு உணர்வு பெற 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு முறை கைபேசித் திரையைப் பார்த்தால் அத்தனையும் போய்விடும். வரிசையில் நிற்கும் நேரம் கண்ணை இருட்டுக்குப் பழக்கும் நேரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கு தேவையானால் சிவப்பு ஒளியைப் பயன்படுத்துங்கள். குச்சி செல்கள் சிவப்புக்கு மிகக் குறைவாகவே எதிர்வினை ஆற்றும்.

உங்கள் முறை வந்ததும், முதலில் தன்னார்வலரிடம் இப்போது எதைப் பார்க்கப் போகிறோம், அதில் எதைத் தேட வேண்டும் என்று கேளுங்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனியுங்கள். கண்ணருகு லென்ஸைப் பிடித்தால் தொலைநோக்கி நகர்ந்துவிடும், இலக்கு தொலைந்துவிடும். கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் இருந்தால் கண்ணாடியைக் கழற்றிவிடலாம், குவியத்தைத் திருகி அந்தக் குறையைச் சரிசெய்துவிடுவார்கள். உருளைப்பார்வைக் குறை (அஸ்டிக்மேட்டிசம்) மிகுதியாக உள்ளவர்கள் கண்ணாடியுடனேயே பார்ப்பது நல்லது. முதல் பார்வையில் பிம்பம் நீருக்கடியில் இருப்பதைப்போல் நெளியும். அது தலைக்கு மேலே உள்ள காற்றின் அசைவு. கண்ணை எடுத்துவிடாதீர்கள். அரை நிமிடம் பொறுத்தால் காற்று ஓரிரு நொடிகள் அடங்கும், அப்போது வியாழனின் பட்டைகளும் சனியின் வளையமும் சட்டென்று கூர்மையாகும். பார்த்தவுடன் விலகிவிடுவோர் இழப்பது இந்த நொடிகளைத்தான். வரிசை நீளமாக இருந்தால், ஒரு முறை அரை நிமிடம் பார்த்துவிட்டு மீண்டும் வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொள்ளுங்கள்.

எதிர்பார்ப்பையும் திருத்திக்கொள்ள வேண்டும். படங்களில் சிவப்பும் நீலமுமாகப் பார்த்த நெபுலாக்களும் விண்மீன் மண்டலங்களும் லென்ஸில் சாம்பல் நிறப் புகையாகவே தெரியும், ஏனெனில் மங்கிய ஒளியில் நிறம் அறியும் கூம்பு செல்கள் வேலை செய்வதில்லை. அப்படிப்பட்ட பொருளை நேராக உற்றுப் பார்க்காமல் சற்று ஓரத்தை நோக்கினால், குச்சி செல்கள் செறிந்த பகுதியில் ஒளி விழுந்து அது தெளிவாகத் தெரியும். பால்வீதியைப் போன்ற இன்னொரு விண்மீன் மண்டலமான ஆந்த்ரோமீடாவைக் காட்டினால், அந்தப் புகையிலிருந்து வரும் ஒளி ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது என்பதைப் பிள்ளைகளிடம் கண் வைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அது வெறும் மங்கல் திட்டு. வியாழன் தெரியும் நாளில் அதன் இருபுறமும் வரிசையாக நிற்கும் புள்ளிகளை எண்ணச் சொல்லுங்கள். 1610 ஜனவரியில் கலீலியோ கண்ட நான்கு துணைக்கோள்கள் அவை. சனியின் வளையம் 2025 மார்ச்சில் பூமிக்குத் தன் ஓரத்தைக் காட்டியதால் மெல்லிய கோடாகிவிட்டது; அதன் பின் ஆண்டுதோறும் விரிந்து வருகிறது என்பதால், ஒரு முறை பார்த்தவர்களும் அடுத்த ஆண்டு மீண்டும் பார்க்கலாம்.

ஏப்ரல், மே மாதங்களில் சென்றால், சப்தரிஷி மண்டலத்தின் கைப்பிடி நடுவில் உள்ள வசிட்டரையும் அருந்ததியையும் காட்டுமாறு கேளுங்கள். மிசார், அல்கோர் என்று சொன்னால் அவர்களுக்குப் புரியும். திருமணத்தில் புரோகிதர் கைகாட்டிய திசையில், பகல் வெளிச்சத்தில் எதையும் காணாமல் தலையசைத்த நம் பெற்றோர், அந்த இணையை மெய்யாகவே காணும் வாய்ப்பு இது. கூர்மையான கண்ணுக்கு இரண்டும் தொலைநோக்கியின்றியே தனித்தனியாகத் தெரியும். தொலைநோக்கியில் வசிட்டரே இரண்டாகப் பிரிவார். அந்த மாதங்களில் இந்த இணை சியாட்டிலில் ஏறத்தாழத் தலைக்கு நேர் மேலே வருவதால் தொலைநோக்கியின் கீழ்முனை மிகவும் தாழ்ந்துவிடும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு நாற்காலி உண்டா என்று முன்னதாகவே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

மேகம் சூழ்ந்தால்

சியாட்டிலில் இது எப்போதும் நேரக்கூடியது. கோளரங்கக் காட்சிக்கு மேகம் தடையில்லை. வானாய்வகத்தில் உரை நடக்கும், தொலைநோக்கியையும் அதை இயக்கும் விதத்தையும் காட்டுவார்கள், வானம் மட்டும் கிடைக்காது. மேகம் நிறைந்த மாலையில் கூட்டம் குறைவு என்பதால், தன்னார்வலர்களிடம் ஆற அமரப் பேசலாம். சொந்தத் தொலைநோக்கி வாங்கும் எண்ணம் இருந்தால் அன்றே கேளுங்கள். கடைப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் உருப்பெருக்க எண்ணை நம்பாமல், லென்ஸ் அல்லது ஆடியின் விட்டத்தையும் தாங்கியின் உறுதியையும் பாருங்கள் என்றே அனுபவமுள்ளவர்கள் சொல்வார்கள்.

வீடு திரும்பியபின், வேர்ல்ட்வைட் டெலஸ்கோப்பையோ ஸ்டெல்லேரியம் என்னும் மற்றொரு இலவச மென்பொருளையோ கணினியில் திறந்து, இடத்தை முதலில் சியாட்டில் என்றும் பிறகு உங்கள் ஊர் என்றும் மாற்றிப் பாருங்கள். குவிமாடத்தில் கண்ட சாய்வு திரையிலும் தெரியும். ஒவ்வொரு விண்மீனும் நாளுக்கு 4 நிமிடம் முன்னதாக உதிப்பதால், நீங்கள் பார்த்த வானம் ஒரு மாதத்தில் இரண்டு மணி நேரம் முந்திவிடும். ஆகவே அந்த வாரத்துக்குள், மேகமில்லாத முதல் இரவில், அதே நேரத்தில் வீட்டு வாசலில் நின்று அதே விண்மீன்களைத் தேடிவிடுங்கள். பெற்றோர் ஊர் திரும்பும்போது அந்தப் பெயர்த்தாளையும் உடன் கொடுத்தனுப்புங்கள். பிப்ரவரியில் மாடியில் நின்று தெற்கே அகத்தியரைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு.